காய்ச்சலை வெளியே சொல்லாத கணித மேதை

விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் இருந்து பெங்களூருக்குப் புறப்படும் ரெயிலில், உட்கார இடம் கிடைத்தவர்கள் தூங்கிக்கொண்டே வருவார்கள். தங்கச்சுரங்கம் 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி மூடப்பட்ட பிறகு, கோலார் தங்கவயல் மக்களில் ஆயிரக்கணக்கான பேருக்கு இந்த ரெயில்தான் பிழைப்பு. போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. அந்தப் பெட்டியில் ஒருவர் இருமினால் யாரும் திரும்பிப் பார்ப்பது இல்லை. தங்கவயலுக்கு இருமல் புதிது அல்ல. சுரங்கத் தூசு, பனி, பீடி, காற்றில் பறக்கும் சயனைடு மேட்டு மண் என்று அதற்குக் காரணம் தயாராக இருக்கிறது. காரணம் தயாராக இருப்பதால் டாக்டரிடம் போவது தள்ளிப்போகிறது. மேலும், ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போய்விடும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும், அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குப் பணம் கிடையாது, சாதாரணக் காசநோய் என்றால் 6 மாதம் விடாமல் மருந்து சாப்பிட்டால் குணமாகிவிடும் என்பதெல்லாம் சுவரில் எழுதி ஒட்டப்பட்ட செய்திதான். அப்படி இருந்தும் ஏன் மாதக்கணக்கில் தாமதிக்கிறார்கள்? படிப்பு இல்லாததுதான் காரணம் என்று சட்டென்று சொல்லிவிடுவது வழக்கம். அது பாதி உண்மைகூட இல்லை. இந்த நாட்டிலேயே தலைசிறந்த மூளை என்று உலகம் கொண்டாடிய ஒருவர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நடுவில் இருந்துகொண்டு, தன் உடம்பைப் பற்றி வாய் திறக்காமல் தேய்ந்துபோனார். அவர்தான் கணித மேதை சீனிவாச ராமானுஜன். சயரோகம் என்று பெயர் சூட்டப்பட்டு, 32 வயதில் மறைந்தவர்.

அவருடைய கணிதத்தைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் வந்துவிட்டன. அவருடைய நோயின் கதையை அவ்வளவாக யாரும் பேசுவது இல்லை.

துணிக்கடை குமாஸ்தா மகன்

ராமானுஜன் 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தகப்பனார் சீனிவாச ஐயங்கார் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதியவர். சொற்பச் சம்பளம். வீட்டை ஆண்டவர் தாயார் கோமளத்தம்மாள்தான். கோவிலில் பஜனை பாடிக் கொஞ்சம் சம்பாதித்தார். வீட்டில் இரண்டொரு மாணவர்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போட்டும் குடும்பத்தை ஓட்டினார்.

அந்த வீட்டுக்கு நோயும் சாவும் பழக்கமானவை. ராமானுஜனுக்கு 2 வயதில் பெரியம்மை கண்டது. பிழைத்துக்கொண்டார். முகத்தில் தழும்பு மட்டும் தங்கிவிட்டது. அவருக்குப் பின்னால் பிறந்த மூன்று குழந்தைகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கைக்குழந்தையிலேயே இறந்துபோயின. அதன் பிறகே இரண்டு தம்பிகள் பிறந்து நிலைத்தார்கள்.

சின்ன வயதிலேயே அவரிடம் ஒரு குணம் தெரிந்தது. மனம் புண்பட்டால் சண்டை போடமாட்டார். அழமாட்டார். யாரிடமும் சொல்லாமல் போய்விடுவார். கும்பகோணம் கல்லூரியில் கணக்கைத் தவிர வேறு பாடத்தைத் தொடாததால் உதவித்தொகையை இழந்தார். வீட்டில் கட்டணம் கட்ட வழி இல்லை. 1905-ம் ஆண்டு ஒரு நாள் ரெயில் ஏறி விசாகப்பட்டினம் போய்விட்டார். பிள்ளையைக் காணவில்லை என்று பெற்றோர் தேடி அலைந்து, பத்திரிகையிலும் அறிவிப்புக் கொடுத்து, திரும்ப அழைத்து வந்தார்கள். இந்தக் குணத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்திலும் அது அவரைவிட்டுப் போகவில்லை.

அடுத்த ஆண்டு, 1906-ல், சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கடுமையான வயிற்றுக்கடுப்பு கண்டது. படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்கு வந்து சுமார் 3 மாதம் படுத்துக் கிடந்தார். பிறகு எழுந்து நடமாடினார். எழுந்து நடமாடினால் நோய் போய்விட்டது என்றுதான் அந்தக் காலத்தில் எண்ணம். இந்தக் காலத்திலும் அப்படித்தான். வயிற்றுக்கடுப்பு நின்றுவிட்டாலும் அதன் கிருமி உடம்புக்குள் பல வருஷம் பதுங்கி இருக்கக்கூடும் என்பதை அன்று அந்த வீட்டில் யார் அறிவார்?

1909-ல் ஜானகியுடன் திருமணம் நடந்தது. அதே சமயத்தில் ராமானுஜனுக்கு விரைவீக்கம் ஏற்பட்டது. ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார்கள். பணம் இல்லை. தாயார் தெரிந்தவர்களிடம் எல்லாம் உதவி கேட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. மாதங்கள் ஓடின. கடைசியில் 1910-ம் ஆண்டு ஜனவரியில் ஒரு டாக்டர் மனம் இரங்கி, காசு வாங்காமல் ஆபரேஷன் செய்தார். அந்த டாக்டர் முன்வராவிட்டால் இன்னும் எத்தனை மாதம் வலியோடு நடந்திருப்பாரோ, தெரியாது.

அதே 1910-ல் சென்னையில் மறுபடியும் உடம்பு படுத்தியது. குதிரை வண்டி பிடித்து நண்பர் ராதாகிருஷ்ண ஐயர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நண்பர் டாக்டரிடம் காட்டிவிட்டு, கும்பகோணத்துக்கு ரெயில் ஏற்றிவிட்டார். ரெயில் ஏறும் முன்பு ராமானுஜன் கணக்கு எழுதிய தன் நோட்டுப் புத்தகங்களை நண்பரிடம் ஒப்படைத்தார். தான் இறந்துபோனால் அவற்றைப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியாரிடம் சேர்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 22. தனக்கு என்ன நோய் என்பதைவிட நோட்டுகள் என்ன ஆகும் என்பதுதான் அவருக்குப் பெரிய கவலை.

ஒரே கப்பலில் டாக்டர்

1912-ம் ஆண்டு மார்ச் மாதம் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தின் கதை எல்லோருக்கும் தெரியும். 1914-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி நெவாசா என்ற கப்பலில் சென்னையில் இருந்து புறப்பட்டார்.

அந்தக் கப்பலில் இன்னொரு தமிழர் இருந்தார். டாக்டர் சவுரி முத்து. இங்கிலாந்தில் காசநோய் நிபுணராகப் பெயர் எடுத்தவர். மெண்டிப் மலைச்சாரலில் சொந்தமாகக் காசநோய் இல்லம் நடத்திவந்தார். பிற்காலத்தில், 1928-ல், சென்னைக்கு வெளியே தாம்பரத்தில் காசநோய் சானடோரியத்தை நிறுவியவரும் இவரே. தாம்பரம் சானடோரியம் ரெயில் நிலையத்தின் பெயர் அப்படி வந்ததுதான். கப்பல் தளத்தில் கணக்குப் பிள்ளையும் நெஞ்சு நோய் டாக்டரும் பேசிக்கொண்டார்கள். மூன்றரை ஆண்டு கழித்து எந்த இடத்தில் மறுபடியும் சந்திப்போம் என்பது இருவருக்கும் தெரியாது.

கம்பளிக்கு மேலே படுத்தவர்

கேம்பிரிட்ஜில் முதல் குளிர்காலம். புள்ளியியல் மேதையாகப் பிற்காலத்தில் பெயர் பெற்ற மகலனோபிஸ் அப்போது அங்கே மாணவர். ஒரு நாள் ராமானுஜனைப் பார்க்கப் போனார். கணப்புக்கு அருகில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார் ராமானுஜன். இரவில் குளிர் தாங்க முடிகிறதா என்று மகலனோபிஸ் விசாரித்தார். மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைப் போர்த்திப் படுப்பதாகவும், அப்படியும் குளிருவதாகவும் தெரிந்தது. மகலனோபிஸ் படுக்கையைப் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் ஒழுங்காக விரித்து ஓரங்கள் செருகப்பட்டு இருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. அத்தனை இரவுகளும் கம்பளிகளுக்கு மேலே படுத்து நடுங்கியிருக்கிறார்!

இது சிரிக்க வேண்டிய கதையாகத்தான் பல இடங்களில் சொல்லப்படுகிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை. பக்கத்து அறையில் ஆள் இருக்கிறது. வேலைக்காரர் இருக்கிறார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அவர் கேட்கவில்லை. தெரியாததைக் கேட்பது அவமானம் என்று எண்ணியிருக்கலாம். நோயையும் அவர் அதே மாதிரிதான் வைத்துக்கொண்டார்.

கல்லூரிச் சமையலறையில் ராமானுஜன் சாப்பிடமாட்டார். சுத்த சைவம். தன் அறையிலேயே சமைத்துக்கொண்டார். ஊரில் இருந்து தபாலில் புளியும் பொடிகளும் வரும். 1914 ஆகஸ்டில் உலகப் போர் தொடங்கியதும் பாலும் காய்கறியும் கிடைப்பது அரிதாயிற்று. ஒரு நாளைக்கு மேல் விடாமல் கணக்குப் போடுவார். பிறகு மணிக்கணக்கில் தூங்குவார். சமைக்க நேரம் இருந்தால் சமையல். இல்லாவிட்டால் அதுவும் இல்லை. பெரிய ஹாலில் நூறு பேரோடு உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால், இவர் இளைப்பதை யாராவது கவனித்திருப்பார்கள். தனியே சமைத்து, தனியே சாப்பிட்டவரை யார் கவனிப்பார்கள்?

ஒரு முறை நண்பர் சட்டர்ஜியையும் அவரைச் சேர்ந்த பெண்களையும் விருந்துக்கு அழைத்தார். தானே ரசம் வைத்துப் பரிமாறினார். இரண்டு முறை வாங்கிக்கொண்ட பெண்கள் மூன்றாவது முறை போதும் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் ராமானுஜனைக் காணோம். தேடினால் கல்லூரியிலேயே இல்லை. சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டில் இருந்து தந்தி வந்தது. பணம் அனுப்பும்படி கேட்டிருந்தார். தான் வைத்த ரசத்தை வேண்டாம் என்றது அவரை அவ்வளவு தூரம் சுட்டுவிட்டது. விசாகப்பட்டினத்துக்கு ஓடிய அதே பையன்தான்.

8 டாக்டர்கள்

1917-ம் ஆண்டு வசந்த காலத்தில் ராமானுஜன் படுத்துவிட்டார். கேம்பிரிட்ஜில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். இரவானால் காய்ச்சல் ஏறும். உடல் எடை குறைந்துகொண்டே வந்தது. முதலில் வயிற்றுப் புண் என்றார்கள். பிறகு புற்றுநோயாக இருக்குமோ என்றார்கள். ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டதோ என்றும் சந்தேகப்பட்டார்கள். கடைசியில் காசநோய் என்ற பெயரில் வந்து நின்றது. இரண்டு ஆண்டுக்குள் குறைந்தது 8 டாக்டர்கள் அவரைப் பார்த்தார்கள். 5 ஆஸ்பத்திரிகளுக்குக் குறையாமல் ஏறி இறங்கினார்.

1917 இலையுதிர் காலத்தில் மெண்டிப் மலைக்கு அனுப்பினார்கள். அங்கே தலைமை டாக்டர், நெவாசா கப்பலில் கூட வந்த அதே சவுரி முத்து!

அன்றைக்குக் காசநோய்க்கு மருந்து கிடையாது. 1882-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் கோக் கிருமியைக் கண்டுபிடித்து அறிவித்துவிட்டார். ஆனால் அதைக் கொல்லும் ஸ்டிரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-ல்தான். அதுவரை சுத்தமான காற்று, ஓய்வு, சத்துள்ள சாப்பாடு, இவைதான் வைத்தியம். கொட்டும் பனியிலும் ஜன்னலைத் திறந்துவைத்து நோயாளியைப் படுக்கவைப்பார்கள். சாப்பாடு என்றால் பால், முட்டை, மாமிசம். கும்பகோணத்து சைவருக்கு இது எப்படி ஒத்துவரும்? குளிரும் பிடிக்கவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை. சில வாரங்களில் அங்கிருந்து கிளம்பிவிட்டார். அடுத்தது டெர்பிஷயரில் உள்ள மாட்லாக் சானடோரியம். அங்கே சுமார் ஒரு வருஷம்.

மாட்லாக்கில் கதகதப்பான இடம் குளியல் அறை ஒன்றுதான். ராமானுஜன் பேனாவையும் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்து கணக்குப் போடத் திட்டம் இட்டார். இதை ஹார்டிக்கும் எழுதினார். ராமலிங்கம் என்ற தமிழ் என்ஜினீயர் 1918 ஜூன் மாதம் மாட்லாக் போய்ப் பார்த்துவிட்டு மனம் நொந்துபோனார். சாப்பாட்டு விஷயத்தில் நோயாளியும் ஆஸ்பத்திரியும் மல்லுக்கு நிற்பதை ஹார்டிக்கு நீண்ட கடிதமாக எழுதினார். தன்னால் முடிந்த சாமான்களையும் ராமானுஜனுக்கு அனுப்பிவைத்தார்.

டாக்டர்களுக்கு ராமானுஜன் நல்ல நோயாளி அல்ல. சொன்ன பேச்சைக் கேட்கமாட்டார். ஒரு இடத்தில் தங்கமாட்டார். அதற்காக அவரை மட்டும் குறை சொல்வது சரி அல்ல. எட்டு டாக்டர்கள் எட்டு விதமாகச் சொன்னால் நோயாளிக்கு நம்பிக்கை எங்கிருந்து வரும்?

வீட்டுக்குப் போகாத கடிதங்கள்

ராமானுஜனுக்கு இதைவிடப் பெரிய நோய் ஒன்று மனதில் இருந்தது. வந்த புதிதில் மாதம் மூன்று, நான்கு கடிதம் வீட்டுக்கு எழுதியவர், போகப் போகக் குறைத்து, கடைசியில் ஏறக்குறைய நிறுத்தியே விட்டார். கும்பகோணத்தில் மாமியாருக்கும் மருமகளுக்கும் பிணக்கு. ஜானகி கணவருக்கு எழுதிய கடிதங்களைக் கோமளத்தம்மாள் கப்பல் ஏறவிடவில்லை. மனைவியிடம் இருந்து ஒரு வரிகூட வரவில்லையே என்று கணவர் அங்கே ஏங்கினார். கணவர் மறந்துவிட்டார் என்று மனைவி இங்கே ஏங்கினார். பிறகு ஜானகி கராச்சியில் இருந்த சகோதரர் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஹார்டிக்கு இது எதுவும் தெரியாது. தினமும் கணக்குப் பேசுவார்கள். சொந்த விஷயம் பேசமாட்டார்கள். ராமானுஜனுக்கு வீட்டில் தகராறு என்பதும், அவர் வீட்டுக்கு எழுதுவதே இல்லை என்பதும் நோய் முற்றிய பிறகே ஹார்டிக்குத் தெரியவந்தது. மேதையின் உடல்நிலை பற்றிய தகவல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போனது ஹார்டி எழுதிய கடிதங்கள் மூலமாகத்தான்.

1918-ம் ஆண்டு தொடக்கத்தில், லண்டன் பாதாள ரெயில் நிலையம் ஒன்றில், வரும் ரெயிலுக்கு முன்னால் ராமானுஜன் தண்டவாளத்தில் விழுந்தார். ரெயில்வே ஊழியர் ஒருவர் பார்த்து மின்சாரத்தை நிறுத்தியதால், அவர் கிடந்த இடத்துக்குச் சில அடி முன்னால் ரெயில் நின்றது. போலீஸ் பிடித்துக்கொண்டு போயிற்று. ஹார்டி ஓடிவந்து, இவர் ராயல் சொசைட்டி உறுப்பினர் என்று அடித்துச் சொல்லி மீட்டுக்கொண்டு போனார். அப்போது அது உண்மை அல்ல. சில மாதத்தில் உண்மையாயிற்று. 1918 மே மாதம் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அக்டோபரில் டிரினிடி கல்லூரியின் பெல்லோ பதவியும் வந்தது. பட்டங்கள் வந்த நேரத்தில் அவர் படுக்கையில் இருந்தார்.

தங்கவயலின் இருமல்

ராமானுஜன் மாட்லாக்கில் படுத்திருந்த அதே ஆண்டுகளில், கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் கம்பெனி நிர்வாகத்தில் சுரங்க வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. சாம்பியன் ரீப், ஊரிகம், நந்திதுர்க்கம், மைசூர் மைன் என்று ஒவ்வொரு சுரங்கத்திலும் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். தங்கம் இருந்தது குவார்ட்ஸ் என்ற வெள்ளைப் பாறையில். அதைத் துளைபோட்டு வெடிவைத்து உடைக்கும்போது எழும் சிலிக்கா தூசு, நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். கிருமிகளை விழுங்கி அழிக்கும் காவல் அணுக்களை அது கொன்றுபோடும். பிறகு காசநோய்க் கிருமிக்குக் கதவு திறந்ததுபோல் ஆகிவிடும். 1940-களில் தங்கவயல் தொழிலாளிகளைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு 40 பேருக்கு மேல் இந்தத் தூசு நோய் இருந்தது தெரிந்தது. இந்தியாவில் சிலிகோசிஸ் நோய் முதன்முதலில் பதிவானதும், 1947-ல், தங்கவயலில்தான்.

தூசு நோய்க்கும் இருமல். காசநோய்க்கும் இருமல். மூச்சு வாங்குவதும் இளைப்பதும் இரண்டுக்கும் பொது. எது எது என்று டாக்டருக்கே குழப்பம் வரும். தொழிலாளிக்கு எப்படி வராமல் இருக்கும்? சுரங்கம் என்றால் இருமத்தான் செய்யும் என்று விட்டுவிடுவார். அண்டர்கிரவுண்டு வேலைக்கு உடம்பு லாயக்கு இல்லை என்று எழுதிவிட்டால் சம்பளம் என்ன ஆகும் என்ற பயம் வேறு. லைன் வீட்டில் ஒரே அறை. அதில் குடும்பம் முழுவதும் படுக்க வேண்டும். டி.பி. என்று வெளியே தெரிந்தால் அடுத்த வீட்டுக்காரர் குழந்தையை அனுப்பமாட்டார், மகளுக்கு வரன் வராது. சொந்த ஊருக்குப் போய் நாட்டு மருந்து சாப்பிட்டுத் தேறி வரலாம் என்று எண்ணி ரெயில் ஏறியவர்கள் எத்தனை பேர்! ராமானுஜன் விசாகப்பட்டினத்துக்கும் ஆக்ஸ்போர்டுக்கும் ரெயில் ஏறியதற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை.

ஆனால் தாமதத்துக்கு நோயாளி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. பெங்களூரில் உள்ள தேசிய காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் பானர்ஜியும் ஆண்டர்சனும் துமகூர் மாவட்டக் கிராமங்களில் ஆராய்ந்து, 1963-ல் முடிவை வெளியிட்டார்கள். கிராமத்து ஜனங்கள் அறியாமையால் டாக்டரிடம் வருவது இல்லை என்றுதான் அதுவரை எல்லோரும் எண்ணியிருந்தார்கள். விசாரித்தபோது வேறு விதமாக இருந்தது. சளியில் கிருமி உள்ளவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் தங்கள் உடம்பில் என்னவோ இருக்கிறது என்பது தெரிந்திருந்தது. பாதிப் பேருக்கு மேல் ஏற்கனவே ஆஸ்பத்திரிக்குப் போயும் வந்துவிட்டார்கள். போன இடத்தில் சளியைப் பார்க்காமல் இருமல் மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்! ஒரு முறை கூலியை இழந்து போனவர் இரண்டாவது முறை போவதற்கு யோசிக்கத்தானே செய்வார்?

ஊர் திரும்பினார்

1919-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி ராமானுஜன் இங்கிலாந்தில் இருந்து கப்பல் ஏறினார். மார்ச் மாதம் பம்பாயில் இறங்கினார். தாயாரும் தம்பியும் வந்திருந்தார்கள். ஜானகியைக் காணோம். அவர் கேட்ட முதல் விஷயமே ஜானகி எங்கே என்பதுதான். பிறகு தகவல் போய், ஜானகி சென்னையில் வந்து சேர்ந்தார். கணவன்-மனைவி என்று அவர்கள் வாழ்ந்தது அந்த ஓர் ஆண்டுதான். 10 வயதில் கழுத்தில் தாலி ஏறிய ஜானகிக்கு அப்போது வயது 20.

சென்னையிலும் டாக்டர்கள் காசநோய் என்றே முடிவு செய்தார்கள். கோடையில் காவிரிக் கரையில் உள்ள கொடுமுடிக்குக் கொண்டுபோனார்கள். பிறகு கும்பகோணம். சென்னையின் பெரிய காசநோய் நிபுணர் டாக்டர் பி.எஸ். சந்திரசேகர ஐயர் கும்பகோணத்துக்கே வந்து பார்த்து, சென்னைக்கு வரும்படி வற்புறுத்தினார். ராமானுஜன் இணங்குவது பெரும்பாடாக இருந்தது. மருந்து வேண்டாம் என்பார். பத்தியம் வேண்டாம் என்பார். சிடுசிடுப்பு அதிகமாகிவிட்டது. 1920 ஜனவரியில் ஒருவழியாகச் சென்னைக்கு வந்தார்.

அந்த ஜனவரி 12-ந் தேதி ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். மாக் தீட்டா சார்புகள் என்ற புதுக் கணக்கைத் தான் கண்டுபிடித்திருப்பதாக அதில் தெரிவித்தார். உலகக் கணித மேதைகள் இன்றும் அதை ஆராய்ந்துகொண்டு இருக்கிறார்கள். படுக்கையில் சாய்ந்தபடி அவர் எழுதித் தள்ளிய காகிதங்களை ஜானகி பொறுக்கிப் பெட்டியில் பத்திரப்படுத்தினார். வலி எடுக்கும்போது வெந்நீரில் துணியை நனைத்து மார்பிலும் காலிலும் ஒத்தடம் கொடுத்தவரும் ஜானகிதான். இங்கிலாந்துக்குத் தன்னையும் அழைத்துப் போயிருந்தால் இந்த நோயே வந்திருக்காது என்று கணவர் வருந்தியதை அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

1920-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி காலை, சேத்துப்பட்டில் ராமானுஜன் காலமானார். கடல் கடந்து போய் வந்தவர் என்பதால் உறவினர்களில் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை.

74 ஆண்டுக்குப் பிறகு

கதை இதோடு முடிந்ததாகத்தான் உலகம் எண்ணியிருந்தது. 1994-ல் டி.ஏ.பி. யங் என்ற ஆங்கில டாக்டர், ராமானுஜனின் நோயைப் பற்றிக் கிடைத்த குறிப்புகளை எல்லாம் ஒன்று சேர்த்து ஆராய்ந்து ஒரு முடிவை வெளியிட்டார். விட்டு விட்டு வந்த காய்ச்சல், வயிற்று வலி, இளைப்பு ஆகியவை நுரையீரல் காசநோய்க்குப் பொருந்தவில்லை என்றார். பெரும்பாலும் அது ஈரலைத் தாக்கும் அமீபா நோயாகத்தான் இருக்கும். 1906-ல் பச்சையப்பன் கல்லூரி நாளில் வந்த வயிற்றுக்கடுப்பின் கிருமி உள்ளேயே தங்கி, பத்து வருஷம் கழித்து ஈரலைப் பிடித்திருக்கிறது. இதை எல்லா டாக்டர்களும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. காசநோய்தான் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. ஆனாலும் யங் சொன்னதற்கே இன்று மதிப்பு அதிகம்.

இதில் நெஞ்சை உறுத்தும் விஷயம் ஒன்று இருக்கிறது. அன்று காசநோய்க்கு மருந்து கிடையாது. அமீபா நோய்க்கு மருந்து இருந்தது! எமிடின் ஊசியை 1912-லேயே கல்கத்தாவில் டாக்டர் லியோனார்டு ராஜர்ஸ் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார். ராமானுஜன் கப்பல் ஏறுவதற்கு இரண்டு வருஷம் முன்பே. மெண்டிப் மலையிலும் மாட்லாக்கிலும் பழைய வயிற்றுக்கடுப்பையும் புதுக் காய்ச்சலையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. காசநோய் என்ற பெயர் விழுந்த பிறகு வேறு எதையும் தேட வேண்டும் என்று தோன்றவும் இல்லை. பழைய கதையைத் தானாக எடுத்துச் சொல்கிற சுபாவமும் நோயாளிக்கு இல்லை.

தங்கவயலில் இதே சங்கடம் தலைகீழாக நடக்கிறது. அங்கே தூசு என்ற பெயர் முதலில் விழுந்துவிடுகிறது. காசநோய் அதற்குப் பின்னால் மறைந்துகொள்கிறது. சுரங்கம் மூடி ஆண்டுகள் பல ஆகியும், முன்னாள் தொழிலாளியின் நெஞ்சில் போன தூசு வெளியே வருவது இல்லை. எந்த வயதிலும் காசநோய் வந்து ஒட்டிக்கொள்ளலாம். சுரங்கத்தில் எத்தனை வருஷம், எந்த வேலை பார்த்தார் என்பதை டாக்டர் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நோயாளியே சொல்ல வேண்டும்.

கணவர் இறந்த பிறகு ஜானகி சில ஆண்டுகள் பம்பாயில் சகோதரர் வீட்டில் இருந்து தையல் கற்றார். பின்பு சென்னை திருவல்லிக்கேணியில் துணி தைத்தும், கிடைத்த சிறு பென்ஷனைக் கொண்டும் தனியாக வாழ்ந்தார். ஒரு பையனைத் தத்தெடுத்துப் படிக்கவைத்தார். கணவருக்கு ஒத்தடம் கொடுத்த அந்த நாட்களைப் பற்றிப் பார்க்க வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். 95 வயது வரை வாழ்ந்து, 1994-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி காலமானார். அவருடைய கணவரைக் கொண்டுபோனது காசநோய் அல்ல என்று டாக்டர் யங் எழுதியதும் அதே ஆண்டில்தான்.